ஈ, காக்கா போகக் கூடாத கல்யாணத்துக்கு ஒரு குல்லு விமானப் பயணம்

சென்ற மே மாதம் நானும் என் வீட்டுக்காரரும் திருப்பூரிலிருந்து குல்லுவுக்கு விமானத்தில் கிளம்பினோம். அவர் விமானத்தில் போய்ச் சேர்ந்தார். நான் வேறு வழியில் போய்ச் சேர்ந்தேன். இமயமலைப் பக்கம் விமானத்தில் போகலாம் என்று நினைத்திருக்கும் நம்ம ஊர்க்காரர்கள் இதைப் படித்துவிட்டு டிக்கெட் எடுப்பது நல்லது. மலைமேல் இருக்கும் விமான நிலையம் நம் கோயம்புத்தூர் மாதிரி கிடையாது. அதற்கென்று ஒரு குணம் உண்டு. நாம்தான் அனுசரித்துப் போக வேண்டும்.

முதலில் எதற்காகப் போனோம் என்று சொல்லிவிடுகிறேன். எங்களுக்குத் திருப்பூர் மண்ணரையில் ஒரு சின்ன பனியன் கம்பெனி. குளிருக்குப் போடும் தெர்மல் உள்ளாடை தைக்கிறோம். வீட்டுக்காரர் சிவராசு கட்டிங்கும் தையலும் பார்ப்பார், செக்கிங் டேபிள் என்னுடையது. அவருடைய அக்கா மகள் நந்தினி குல்லு பக்கத்தில் ஒரு நீர்மின் திட்டத்தில் இன்ஜினியர். அங்கேயே ஆப்பிள் தோட்டக்காரர் வீட்டுப் பையன் தேவேந்தரைப் பார்த்து, பிடித்துப்போய், கல்யாணத் தேதியும் வைத்துவிட்டாள்.

அவளுடைய அப்பா கந்தசாமி அண்ணன் குண்டடத்தில் முருங்கை விவசாயம் செய்கிறவர். செய்தி கேட்டதும் சொந்தபந்தம் எல்லாரையும் கூட்டி வைத்து ஒரே வார்த்தை சொன்னார்: "அந்தக் கண்ணாலத்துக்கு நம்மூட்டுல இருந்து ஒரு ஈ, காக்கா போகக் கூடாது. போனவங்க எம்பட ஊட்டு வாசப்படி மிதிக்கக் கூடாது." அவர் பேச்சுக்கு அந்தப் பக்கம் எதிர்ப்பேச்சு கிடையாது. எல்லாரும் தலையாட்டினார்கள். என் வீட்டுக்காரரும் சேர்ந்துதான் ஆட்டினார்.

ஆனால் அன்று சாயந்திரமே நந்தினி போன் செய்தாள். "மாமா, இவங்க பக்கம் முந்நூறு பேரு நிப்பாங்க. எம்பக்கம் நிக்க ஒருத்தராச்சும் வேணுமுங்க. நீங்க வந்து என்னையத் தூக்கிட்டுப் போய் உக்கார வெச்சாப் போதும். இல்லீன்னா நானே நடந்து போய் உக்காந்துக்கறேன்."

எங்கள் பக்கத்து முறையில் தாய்மாமன்தான் பெண்ணைத் தூக்கி வந்து மணவறையில் உட்கார வைக்க வேண்டும். பெண் தானாக நடந்து போய் உட்கார்ந்தால் அவளுக்கு யாரும் இல்லை என்று அர்த்தம். வீட்டுக்காரர் போனை வைத்தார். பிறகு, "டிக்கெட் எவ்வளவுன்னு பாரு புள்ள" என்றார். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் சொன்னதிலேயே நல்ல வார்த்தை அதுதான்.

இனி விமான விவரம். திருப்பூரிலிருந்து கோவை விமான நிலையம் நாற்பத்தைந்து கிலோமீட்டர், அவிநாசி ரோட்டில் ஒன்றேகால் மணி நேரம். கோவையிலிருந்து டெல்லிக்கு நேர் விமானம், மூன்று மணி நேரம். டெல்லியிலிருந்து குல்லுவுக்கு, அதாவது பூந்தர் என்ற ஊரில் இருக்கும் விமான நிலையத்துக்கு, இறக்கையில் காற்றாடி வைத்த சின்ன விமானம். ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடும். இந்த விமானம் விடியற்காலையில்தான் கிளம்பும். வெயில் ஏற ஏற பள்ளத்தாக்கில் காற்று கிளம்பிவிடுமாம், அதற்குள் போய் இறங்கித் திரும்பி வந்துவிட வேண்டும். ஆகவே டெல்லியில் ஒரு ராத்திரி தங்காமல் முடியாது. ஆளுக்குப் பதினைந்து கிலோ பெட்டி, ஏழு கிலோ கைப்பை. இந்தப் பதினைந்தை நன்றாக மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் போகிறோம் என்று யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் டிக்கெட் எடுத்த மறுநாளே கந்தசாமி அண்ணனின் தம்பி எங்கள் கம்பெனிக்கு வந்தார். "சும்மா இந்தப் பக்கம் வந்தேன்" என்றார். கையில் அனுப்பர்பாளையத்துப் பித்தளைக் குடம் ஒன்று. "இது எப்படியோ ஊட்டுல சாஸ்தியாக் கெடக்குது" என்று சொல்லி வைத்துவிட்டுப் போனார். அதில் நந்தினியின் பெயர் வெட்டியிருந்தது. அடுத்த நாள் அவளுடைய பெரியம்மா எள்ளுருண்டை டின்னோடு வந்தார். அவரும் சும்மாதான் வந்தாராம். அப்புறம் கச்சாயப் பலகாரம், நாட்டுச் சர்க்கரை, குண்டடத்து நிலக்கடலை, மட்டை உரிக்காத தேங்காய் ஒரு மூட்டை. நந்தினியின் அம்மா, அதாவது என் நாத்தனார், வரவில்லை. பட்டுப்புடவையை கொரியரில் அனுப்பியிருந்தார், அனுப்புநர் இடத்தில் ஏதோ ஒரு மெடிக்கல் கடையின் பெயர் போட்டு.

துணி எடை போடும் தராசில் எல்லாவற்றையும் ஏற்றிப் பார்த்தோம். நாற்பத்தாறு கிலோ. போகவே கூடாத கல்யாணத்துக்கு நாற்பத்தாறு கிலோ! வீட்டுக்காரர் தன் பங்குக்குச் சம்பந்தி வீடு முழுவதற்கும் தெர்மல் செட் எடுத்து வைத்திருந்தார். "திருப்பூர்க்காரன் கண்ணாலத்துக்கு வெறுங்கையோட போனா நல்லாவா இருக்கும்?" மே மாதத்தில் குல்லுவில் தெர்மல் எதற்கு என்று நானும் கேட்கவில்லை, எனக்கும் தெரியாது. செக்கிங் டேபிளில் செய்வதையே செய்தேன். தேங்காய் ரிஜெக்ட். டின் ரிஜெக்ட், உருண்டை மட்டும் பாஸ். குடத்துக்குள் கடலையை நிரப்பி, கடலைக்குள் சர்க்கரைப் பொட்டலத்தைச் செருகினேன். எப்படியோ மூன்று பைக்குள் முப்பத்தொன்றரைக்குக் கொண்டு வந்தேன். அதற்கு மேல் குறையவில்லை.

"போதும் விடு, ஒண்ணரைதான" என்றார் வீட்டுக்காரர். எங்கள் தொழிலில் ஆயிரம் பீஸ் ஆர்டர் என்றால் ஐந்து சதவீதம் முன்னே பின்னே போகலாம், சரக்கு வாங்கும் பையர் ஒத்துக்கொள்வார். முப்பது கிலோவுக்கு ஐந்து சதவீதம் ஒன்றரை கிலோ. கணக்கு அவருக்குச் சரியாகத்தான் இருந்தது.

கோவை கவுன்டரில் இருந்த பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "சார், ஒண்ணரை கிலோ சாஸ்திங்க."

"அஞ்சு பர்சென்ட் ஒத்துக்குவாங்கல்லங்க?"

"அது ஷிப்மென்டுக்குங்க சார். எங்கப்பாவும் பனியன் கம்பெனிதானுங்க. பிளேனுக்கு அதெல்லாம் இல்லீங்க."

கூடுதல் எடைக்குப் பணம் கட்டியிருந்தால் ஒரு நிமிஷ வேலை. ஆனால் வீட்டுக்காரர் ஓரமாகப் போய்ப் பையைத் திறந்தார். தெர்மல் மேல்சட்டை ஆறை எடுத்து, ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு, எல்லாவற்றுக்கும் மேல் தன் வெள்ளைச் சட்டையை மாட்டிப் பொத்தான் போட்டார். கடைசி இரண்டு பொத்தான் சேரவில்லை. கழுத்துப் பக்கம் விலை அட்டைகள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. பை இப்போது சரியாக முப்பது கிலோ.

பாதுகாப்புச் சோதனையில் ஒரு வடநாட்டுக் காவலர் அவரைத் தடவிப் பார்த்தார். மறுபடியும் தடவினார். எத்தனை போட்டிருக்கிறீர்கள் என்று இந்தியில் கேட்டார். வீட்டுக்காரரின் இந்தி கம்பெனியில் பீகார்ப் பையன்களிடம் கற்றது, அதில் வேகமாகத் தை, பீஸை எடு என்பதைத் தவிர வேறு வாக்கியம் கிடையாது. விரலைக் காட்டி, "சே பீஸ்" என்றார், ஆறு பீஸாம். ஒவ்வொன்றாகக் கழற்றி டிரேயில் வைக்கச் சொன்னார்கள். பின்னால் நின்ற வரிசை முழுக்க வேடிக்கை பார்த்தது. எல்லாம் முடிந்த பிறகு அந்தக் காவலர் துணியைக் கொஞ்ச நேரம் விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, இதில் எக்ஸ்எல் கிடைக்குமா என்று விசாரித்தார். அந்தப் பெருமையில் வீட்டுக்காரர் ஆறையும் திரும்பப் போட்டுக்கொண்டு டெல்லி வரைக்கும் வேர்வையில் குளித்துக்கொண்டே வந்தார்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் இறங்குவது எங்கள் திட்டம். அன்று விடியற்காலை டெல்லியில் போர்டிங் பாஸை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஆறரைக்குக் கிளம்ப வேண்டிய விமானம் ஏழாயிற்று, எட்டாயிற்று. பூந்தரில் மேகம் இறங்கிவிட்டது, விமானம் ரத்து, நாளைக் காலைக்கு மாற்றித் தருகிறோம் என்றார்கள். அங்கே இதெல்லாம் சாதாரணம், பக்கத்தில் இருந்த ஒரு மலைக்காரத் தாத்தா கொட்டாவி விட்டுக்கொண்டே எழுந்து போனார். எங்களால் அப்படி எழுந்து போக முடியாது. நாளைக் காலை பத்தரைக்கு முகூர்த்தம்.

டிக்கெட் மாற்றும் வரிசையில் எங்களுக்கு நாலு பேர் முன்னால் ஒரு ஆள் நின்றார். டெல்லியில் அடிக்கிற வெயிலில் தலையில் மங்கி குல்லா, கண் மட்டும் தெரிகிறது. கீழே பார்த்தால் வெள்ளை வேட்டி. முகத்தை மறைத்துவிட்டால் போதும், டெல்லி விமான நிலையத்தில் வேட்டியை வைத்து யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்று நினைத்திருக்கிறார் பாவம்.

"அண்ணா, நீங்களாங்க?" என்றேன்.

கந்தசாமி அண்ணன் கூரையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "ஒரு சோலியா வந்தேன் அம்மணி" என்றார். "முருங்கைக்காய் அனுப்ப அட்டைப்பொட்டி வேணும். ஆப்பிள்காரங்க நல்ல பொட்டி வெச்சிருப்பாங்களாமா. வெல விசாரிச்சுட்டு வந்தரலாம்னு."

அட்டைப்பெட்டி பல்லடத்திலேயே கிடைக்கும். வாயைத் திறக்கப் போனேன். வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து அழுத்திவிட்டு, "நல்ல ரோசனைங்க மச்சான்" என்றார்.

விமான நிலையத்துக்குப் பக்கத்தில் மகிபால்பூரில் இரண்டு அறை எடுத்தோம். அறை ஒன்று ஆயிரத்து எண்ணூறு. அண்ணன் கல்யாணம் என்ற வார்த்தையையே எடுக்கவில்லை. நாங்கள் எதற்காக வந்திருக்கிறோம் என்றும் கேட்கவில்லை. ஆனால் சாப்பிடும்போதும், டீ குடிக்கும்போதும், சும்மா இருக்கும்போதும், "நாளைக்குப் பிளேன் எறங்கீருமா?" என்று மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் வீட்டுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டு, "நான் ஓரமா நின்னு ஒருக்காப் பாத்துட்டு பொட்டிக்குப் போயிருவேன் மாப்ள. நான் வந்ததை அவகிட்டச் சொல்லிப் போடாத" என்றாராம்.

மறுநாள் வானம் தெளிவு. எல்லாரும் விமானம் ஏறும் வாசலுக்குப் போனோம். அங்கே விமானக் கம்பெனிப் பெண் ஒலிபெருக்கியை எடுத்தாள். சூடும் காற்றும் அதிகம், மலைமேல் ஓடுபாதை சிறியது, எடையைக் குறைத்தால்தான் விமானம் போக முடியும், நாலு பேர் தாங்களாக இறங்கிக்கொண்டால் நாளைக்கு டிக்கெட் தருகிறோம் என்றாள். இது யாருடைய தவறும் இல்லை. மலைக்காற்று மெலிசு, வெயிலில் இன்னும் மெலிகிறது, இறக்கைக்குப் பிடிமானம் குறைகிறது. பூந்தர் ஓடுபாதை ஒரு கிலோமீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். கோவையில் அதுபோல இரண்டரை மடங்குக்கு மேல் இருக்கிறது.

சுற்றுலா வந்த மூன்று பையன்கள் உடனே எழுந்துவிட்டார்கள். இன்னும் ஒருவர் வேண்டும். யாரும் அசையவில்லை. நேரம் போகப் போகக் காற்று கூடும், அப்புறம் விமானமே இல்லை என்றாள் அந்தப் பெண்.

வீட்டுக்காரர் எழுந்தார். "நான் எறங்கிக்கறேன். மச்சான் போகட்டும்."

எனக்கு வந்ததே கோபம். "நீங்க எறங்குனா புள்ளைய யாருங்க தூக்கறது? இந்தப் பிளேன் பைலட்டா?"

கந்தசாமி அண்ணன் நான் போகிறேன் என்றும் சொல்லவில்லை, இறங்குகிறேன் என்றும் சொல்லவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போர்டிங் பாஸ் அவர் கைக்குள் கசங்கிச் சுருண்டு போயிருந்தது. முந்நூறு பேர் நிற்கிற இடத்தில் ஓரமாக நின்று ஒருமுறை பார்ப்பதற்கு மங்கி குல்லா வாங்கிக்கொண்டு இவ்வளவு தூரம் வந்த மனிதரை என்ன சொல்லி இறக்குவது? நந்தினிக்கு மாமன் வேண்டும். அப்பா வேண்டுமென்று அவள் கேட்கவில்லை, கேட்டால் கிடைக்காது என்று தெரிந்ததால் கேட்கவில்லை. இந்தக் கணக்கில் அத்தைதான் மிச்சம். நான் கவுன்டருக்குப் போய் என் பெயரைக் கொடுத்தேன். பைகள் மூன்றையும் என்னோடு இறக்கச் சொன்னேன். முப்பது கிலோ குறைந்ததில் அந்தப் பெண்ணுக்கு என் மேல் தனி மரியாதை வந்துவிட்டது.

அழுகை வந்தது, மறைக்கவில்லை. அந்தப் பெண்ணைப் பிறந்ததிலிருந்து பார்த்தவள் நான். கல்யாணத்தைப் பார்க்க எனக்கும் ஆசைதான்.

நாளை டிக்கெட்டை வேண்டாமென்று பணமாக வாங்கிக்கொண்டு வாடகைக் கார் பிடித்தேன். டெல்லியிலிருந்து பூந்தர் ஐந்நூறு கிலோமீட்டர், பன்னிரண்டு மணி நேரம். சாயந்திரம் அவர்கள் வீட்டுச் சடங்குக்காவது போய்விடலாம். அம்பாலா தாண்டி ஒரு தாபாவில் பராத்தா சொல்லிவிட்டு உட்கார்ந்தபோது வீடியோ கால் வந்தது. மாப்பிள்ளையின் தங்கை போனைப் பிடித்திருந்தாள்.

மரவீட்டு முற்றத்தில் பந்தல். வீட்டுக்காரர் நந்தினியைத் தூக்கிக்கொண்டு வருகிறார். முகம் சிவந்து, மூச்சு வாங்கி, கழுத்தில் விலை அட்டை ஒன்று இன்னும் ஆடுகிறது. மாப்பிள்ளை வீட்டார் எல்லாம் கை தட்டுகிறார்கள். பந்தல்காலுக்குப் பின்னால் மங்கி குல்லா. நந்தினி மாமன் தோளுக்கு மேல் அந்தப் பக்கம் திரும்பினாள்.

"மாமா, எறக்கி உடுங்க."

இறங்கி நேராக அவரிடம் போனாள். போனும் பின்னாலேயே போனது. "அப்பா, குல்லாவைக் கழட்டுங்க. மூஞ்சி தெரியோணும்."

"பொட்டி வெல விசாரிக்கத்தான் சாமி வந்தேன்."

"செரிங்கப்பா. விசாரிக்கலாம். மொதல்ல எம்பக்கம் வந்து நில்லுங்க."

அத்தோடு டவர் போய்விட்டது. போனைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினேன், தாபா மாடிக்கு ஓடினேன். ஒன்றும் வரவில்லை. கண்ணீர் கொட்டுகிறது, பராத்தா ஆறுகிறது. டிரைவர் பயந்துபோய், யாராவது தவறிவிட்டார்களா என்று கேட்டார். எனக்குத் தெரிந்த இந்தியில், "நஹி பையா, ஷாதி" என்றேன், இல்லை, கல்யாணம் என்று. அவர் ஒன்றும் புரியாமல் ஒரு டீ வாங்கி வந்து வைத்தார்.

நான் போய்ச் சேர்ந்தபோது மணி ஏழே கால். கல்யாண வீட்டு வாசலில் கந்தசாமி அண்ணன் நின்றார், தலையில் குல்லா இல்லை, சம்பந்திகள் வைத்த பூப்போட்ட குல்லுத் தொப்பி. காரிலிருந்து பைகளை அவரே இறக்கினார். குடத்தைக் கண்டதும் நின்றுவிட்டார். "இது எந் தம்பி பட்டறையில வாங்கற குடமாச்சே?" எள்ளுருண்டையைப் பார்த்தார், கச்சாயத்தைப் பார்த்தார், புடவையைப் பார்த்தார். யார் யார் கொடுத்தது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

"அப்ப எம் பேச்சை ஒருத்தருமே கேக்கலையா அம்மணி?"

"நீங்களே கேக்கலையேங்கண்ணா" என்றேன். அவர் பையைத் தோளில் போட்டுக்கொண்டு சிரித்துக்கொண்டே உள்ளே போனார். நந்தினி ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். காலையில் பார்க்காமல் போனதற்கு அது சரியாகப் போயிற்று.

போகிறவர்களுக்குச் சில விஷயம். முக்கியமான காரியம் என்றால் குறைந்தது இரண்டு நாள் முன்னதாக இறங்குகிற மாதிரி டிக்கெட் எடுங்கள். மே கடைசிக்கு மேல் மழைக்காலம் முடியும் வரை இந்த விமானத்தை நம்ப வேண்டாம். முக்கியமான பொருளைக் கைப்பையில் வையுங்கள், பெட்டி மறுநாள் வந்தாலும் வரும். பூந்தரிலிருந்து குல்லு பத்துக் கிலோமீட்டர், மணாலி ஐம்பது, வாசலிலேயே டாக்சி சங்கம் இருக்கிறது, எழுதி வைத்த விலைதான். இறங்கும்போது இரண்டு பக்கமும் மலை, ஒரு பக்கம் பியாஸ் ஆறு, ஆப்பிள் மரத்தில் இலை தெரியும் என்று கந்தசாமி அண்ணன் சொன்னார். என் வீட்டுக்காரரைக் கேட்காதீர்கள், அவர் கண்ணைத் திறக்கவே இல்லையாம். எடையைக் குறைக்க ஆள் இறங்க வேண்டும் என்றால், யார் போகாவிட்டால் ஆயுசு பூராவும் மனசு ஆறாதோ அவரை ஏற்றிவிட்டு மற்றவர் இறங்குங்கள். அதில் நஷ்டமே கிடையாது, பன்னிரண்டு மணி நேரம் காரில் போகிற கழுத்துவலி மட்டும்தான்.

நாலு நாள் கழித்து மூன்று பேரும் ஊருக்குத் திரும்பக் கிளம்பினோம். பூந்தரில் விமானம் ஏறுவதற்கு இறங்குவதைவிடக் கெடுபிடி அதிகம், எடை இன்னும் குறைவாக இருக்க வேண்டும். விமான நிலையம் நம்ம ஊர் பஸ் ஸ்டாண்டைவிடச் சின்னது, ஒலிபெருக்கியே தேவையில்லை. ஒரு பெண் எழுந்து நின்று, இன்றைக்கும் எடையில் கொஞ்சம் சிக்கல் இருக்கிறது என்று ஆரம்பித்தாள். அவ்வளவுதான் சொன்னாள்.

"நான் எறங்கிக்கறேனுங்க" என்று கந்தசாமி அண்ணன் எழுந்துவிட்டார். "எனக்கு எடை சாஸ்திங்கம்மா."

அவள் பதறிப்போய், ஆள் யாரும் இறங்க வேண்டாம், நாலு பெட்டியை மட்டும் நாளைக்கு அனுப்பினால் போதும் என்று இங்கிலீஷில் சொன்னாள். வீட்டுக்காரர் அதைத் தமிழில் திருப்பிச் சொல்வதற்குள் அண்ணன் கைப்பையை எடுத்துக்கொண்டு வெளிவாசலைத் தாண்டிவிட்டார். வெளியே நந்தினி, விமானம் மேலே கிளம்புவதைப் பார்த்துவிட்டுத்தான் போவேன் என்று கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.